அறுபது விழுக்காடு

மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றிவிட்டு நின்றபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை நாலு மணிவரை கரண்ட் வராது என்பது நேற்றே தெரிந்த சங்கதிதான். நாச்சிமுத்து அதற்காக முகம் சுளிக்கவில்லை. முதலாளி எந்த நாளில் கதவடைப்பான் என்று மோப்பம் பிடித்து முந்தின நாளே வீட்டில் அரிசி வாங்கிப் போட்டுப் பழகிய மனிதர். ராத்திரியே மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுத்தார். இப்போது மூடியைத் திறந்து மூலையில் இருக்கும் மின்கலப் படத்தைப் பார்த்தால் அறுபது என்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அறுபதுதான். "ஏஞ்சாமி சுகந்தி, ராத்திரி பூரா கரண்டக் குடிச்சுப்போட்டு இது அறுபதுலயே நிக்குதே, என்னன்னு பாரு" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மருமகள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நாந்தான் மாமா அப்படி வெச்சிருக்கறன். எந்நேரமும் நூறுல கெடந்தா பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். அறுபதோட நிறுத்திக்கும். அதுக்குன்னு லேப்டாப் கம்பெனிக்காரனே ஒரு சாப்ட்வேர் குடுத்திருக்கறான், நீலமா இருக்குது பாருங்க. தொறந்து படிச்சுப் பாருங்க, நீங்க படிக்காததா?" கடைசி இரண்டு சொல் மெச்சலா குத்தலா என்று அவர் நிதானிப்பதற்குள் அடுத்தது வந்தது. "இன்னைக்கு யாரக் கிழிக்கறீங்க?" "கிழிக்க வேண்டியவனத்தான்." "கிழிங்க. சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்குது. கிழிச்சுப்போட்டு மறக்காம சாப்புடுங்க."

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வீட்டுக்குள் விசிறி இல்லாத புழுக்கமும் அந்த எண்ணும் மட்டும் மிஞ்சின. அறுபது. வேறு எந்த எண்ணில் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம், ஐம்பத்தைந்தில், எழுபதில், எண்பதில். இருபதுக்குப் பன்னிரண்டு. நூற்றுக்கு அறுபது. மோட்டார் கம்பெனியில் கம்பி சுற்றும் பகுதியில் ஆளுக்கு ஒரு ஷிப்டில் இருபது கூடு சுற்ற வேண்டும் என்பது கணக்கு. வட்டமான இரும்புக் கூட்டின் பல்லுக்குள் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாக இறக்கி, நுனிகளைப் பருத்தி நாடாவால் இறுக்கிக் கட்டுவது. எண்பத்தாறாம் வருஷம் பன்னிரண்டுக்கு மேல் சுற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். வேலைநிறுத்தம் என்றால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவான். உள்ளேயே நின்று, கையை ஆட்டிக்கொண்டே, அறுபதில் நிறுத்தினால் என்ன செய்வான்? வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைப்பது குற்றம் என்று கம்பெனியின் நிலையாணை விதிகளில் இருக்கிறது, ஆனால் வேண்டுமென்றே என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் எண்ணை வாயால் சொல்லக் கூடாது. ஒரு கூடு முடிந்தால் நாடாத் துண்டில் ஒரு முடிச்சு. பன்னிரண்டு முடிச்சு விழுந்ததும் கை தானாக மந்தமாகிவிட வேண்டும். பதினேழு நாள். மேஸ்திரிகள் பைத்தியம் பிடித்தவர்கள்போல அலைந்தார்கள், அவர்களுக்கு முன்னால் எல்லாக் கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பதினேழு நாளை நினைத்தால் இந்த எழுபத்தாறு வயதிலும் நாச்சிமுத்துவின் முதுகு நேராகிறது. பதினெட்டாம் நாள் கேட்டில் நிறுத்தி எல்லார் சட்டைப் பையையும் துழாவினார்கள். முடிச்சுப் போட்ட நாடா பதினோரு பேர் பையில் இருந்தது. பதினோரு பேரும் வெளியே. அதில் ஒருவர் நாச்சிமுத்து. இன்னொருவன் கருமலையப்பன்.

எழுது. உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தால் அறுபது ஐம்பத்தெட்டாகும். ஆகியேவிட்டது, ஐம்பத்தேழு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கண்ணனுக்குப் பவள விழா. திருமண மண்டபம், ஏழடி உயர மாலை, தொழிலாளர் தோழர் என்று வாசலில் பேனர். தொழிலாளர் தோழர். பதினோரு பேரை வெளியே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் உள்ளே இருந்து, மேஸ்திரியாகி, நிர்வாகத்துக்கு வேண்டிய சங்கத்துக்குத் தலைவனாகி, எழுபத்தைந்து வயதில் தோழர். மண்டப வாசலில் வருகிற ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டறிக்கை இருக்க வேண்டும். பகல் ஒரு மணிக்குள் எழுதி அனுப்பினால் ரெஜினா அச்சடித்துக் கொடுத்துவிடுவாள். அவள் கடை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், அங்கே கரண்ட் உண்டு. துண்டறிக்கைக் கட்டை வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்று கொடுக்கிறேன் என்று ராக்கியம்மாள் தானாகவே சொன்னாள். கருமலையப்பனின் சம்சாரம். நீங்க எழுதுங்கண்ணா, நான் குடுக்கறன், அவன் மொகத்துக்கு நேரா நின்னு குடுக்கறன் என்றாள். கையால் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் எழுத்து இப்போது நடுங்குகிறது, அந்த நடுக்கத்தை ரெஜினாவுக்குக் காட்ட அவருக்கு மனமில்லை. விசையைத் தட்டினால் நடுக்கம் தெரிவதில்லை. தட்டினார். 'பன்னிரண்டு என்ற எண்ணை எழுதிய தாள் ஐந்து பேரிடம்தான் இருந்தது. அந்தத் தாளைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்துக் காட்டிக்கொடுத்த கை இன்று மாலையில் மாலை வாங்குகிறது.' நல்ல வரி. கடைசிச் சொல்லைத் தள்ளிப் போட்டால் இன்னும் குத்தும். தள்ளிப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். நாற்பத்தாறு. இதென்ன, அரைப் பக்கத்துக்குப் பதினோரு விழுக்காடா? பதினோரு பேர். இருக்கிற எண்ணெல்லாம் இன்றைக்கு அவரைப் பார்த்தே வருகிறது.

சுகந்தி சொன்ன நீலப் படத்தைத் திறந்தார். நாலு வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி ஆங்கிலம். ஆங்கிலத்தைக் கண்டு பயந்த காலம் ஒன்று உண்டு. நாலணாப் பிரசுரங்களில் தமிழ் படித்து, நிலையாணைகளில் அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்து, வக்கீலே தடுமாறுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிற அளவுக்கு வந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. எதைக் கண்டாலும் மனசுக்குள் தமிழாக்கிக்கொள்வது வழக்கம். முதல் வட்டம்: முழு வேகம். உள்ளிருக்கும் குட்டி விசிறி இரைந்தாலும் உடம்பு சுட்டாலும் பரவாயில்லை, கொடு கொடு என்று பிடுங்குவது. இதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. கோடைக்கு முன்னால் பம்புக்குக் கிராக்கி ஏறும் மாசி மாதத்தில் கம்பெனி இந்த வட்டத்தில்தான் ஓடும். இரண்டாவது: சமநிலை. வேலைக்குத் தக்கபடி இயந்திரமே வேகத்தை முடிவு செய்யுமாம். முடிவு செய்கிறவன் எதை வைத்துச் செய்வான் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி வந்தால் பேனாவை மூடிப் பையில் போட்டுவிட வேண்டும். மூன்றாவது: சந்தடியில்லாதது. விசிறி மெல்லச் சுற்றும், சத்தம் வராது, வேலை நடக்கும். இது அங்கண்ணன். சத்தம் வராமல் வேலையை முடித்தவன். நாலாவது: மின் சிக்கனம். திரை மங்கும், பின்னணி வேலைகள் நிறுத்திவைக்கப்படும், மின்கலம் நெடுநேரம் தாங்கும். பின்னணி வேலைகள் என்றால் என்ன? நமக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும் எதுவோ. எதுவாக இருந்தால் என்ன, நிறுத்தட்டும். எதெது எவ்வளவு தின்கிறது என்று கீழே ஒரு பட்டை போட்டிருந்தது. எழுதுவது தின்பது கொஞ்சம். திரையின் வெளிச்சம்தான் பெருந்தீனி. நேற்று வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்தவர் அவரேதான். என் எழுத்தை நான் இருட்டிலா படிக்க வேண்டும் என்று. சரி, படி இருட்டில். நாலாவது வட்டத்தைத் தொட்டார். திரை அந்தி மாதிரி மங்கியது, மின்கலப் படத்தின் மேல் ஒரு பச்சை இலை முளைத்தது. இன்னும் மூன்று மணி நேரம் என்றது. ஆக, இதுவும் முடிச்சு எண்ணுகிற ஜாதிதான். இதற்கும் அறுபது. ஆனால் இதற்கு யாரும் உள்விசாரணை வைப்பதில்லை. சிக்கனம் என்று பெயர் சூட்டி, இலை படம் போட்டு விற்கிறான்.

பதினொன்றே காலுக்கு முடித்துவிட்டார். மூன்று தரம் படித்தார், உதட்டை அசைத்து, மேடையில் படிப்பதுபோல. கருமலையப்பன் வருகிற பத்தியில் மட்டும் நின்று நாலாம் தரமும் படித்தார். வாசிக்கிறவனும் அங்கே நிற்பான். வேலை போன மூன்றாம் வருஷம் கருமலையப்பன் ஒரு தறிப்பட்டறையில் வாட்ச்மேனாக இருந்து, மழையில் மின்சாரம் பாய்ந்து இறந்தான். எரியூட்டிவிட்டு வந்த அன்று ராக்கியம்மாள் கேட்டாள்: அந்தத் தாளக் குடுத்தது யாருண்ணா? அங்கண்ணன் என்றார். அதற்கு முன்பே நூறு பேரிடம் சொல்லியிருந்தார், ஆனால் அன்றைக்குச் சொன்னதுதான் ஆணி அடித்தாற்போல நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு தூக்குச்சட்டியோடு வருவாள். நீங்க ஒருத்தர்தாண்ணா எங்களை விட்டுக்குடுக்காம நின்னவரு என்பாள். செல்போனிலிருந்து இணையத்தை எடுத்துக்கொண்டு, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார். கடிதம் மூடிக்கொண்டது. முடிந்தது. இருபத்தொன்று என்றது மின்கலம். இனி அது எத்தனை ஆனால் என்ன? எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார், ஒரு வாரமாக நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்றை விட்டுவிட்டார்.

விட்டதும் எதிரே இருந்த சுவர் தெரிந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தார் இத்தனை நேரமும், இப்போதுதான் தெரிந்தது. சுண்ணாம்பு இல்லை, பெயிண்ட். சுகந்தி வந்த பிறகு அடித்தது. கம்பெனியில் வருகை பதிகிற டைம் ஆபீஸ் சுவருக்குத்தான் சுண்ணாம்பு. வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜைக்கு அடிப்பார்கள், தொட்டால் உள்ளங்கையெல்லாம் வெள்ளை. அனுப்பியாகிவிட்டது, இனி நினைத்துப் பார்ப்பதில் யாருக்கு நஷ்டம்? பதினேழாம் நாள் விடியற்காலை. ரகசியமாக வைத்திருந்ததில் சலிப்பு வந்துவிட்டது அவருக்கு. உள்ளே இத்தனை பெரிய காரியம் நடக்கிறது, அதை நடத்துகிறவன் யார் என்று அந்த முட்டாள்களுக்குத் தெரியவே இல்லை. ஏதோ கம்பி சரியில்லை, ஈயம் சரியில்லை என்று ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு என்று முதல் நாளே எழுதிய ஐந்து தாள். 'பன்னிரண்டு முடிச்சு விழுந்தால் கை நிற்கட்டும்.' எண்ணைப் போடாதீங்க தோழர் என்று அங்கண்ணன்தான் சொன்னான். எண்ணுக்குப் பயந்தவன் எழுத வரக் கூடாதுடா என்றார் இவர். நாலைக் கொடுத்தார், ஐந்தாவது தன்னுடையது. மைதா பசை காய்ச்சி டப்பாவில் எடுத்துக்கொண்டு, யாரும் வருமுன் போய், தன்னுடைய தாளை டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டினார். பார்க்கட்டும். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று எழுத்து நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். பிறகு டீக்கடையில் இருந்து பார்த்தபோது வாட்ச்மேன் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கிழிந்து போயிருக்கும், குப்பைக்குப் போயிருக்கும், அதிகாரி கைக்குப் போனது வேறு தாள், அங்கண்ணனின் தாள். அப்படித்தான் நினைத்தார். அப்படித்தான் சொன்னார். விசாரணை அன்று அதிகாரி அங்கண்ணனைக் கூப்பிட்டு உரக்கப் படி என்றான். அங்கண்ணனுக்கு நல்ல குரல். கேட் வாசல் கூட்டங்களில் இவர் எழுதிய அறிக்கைகளை எழுத்தறியாதவர்களுக்காகப் படிப்பவன் அவன்தான். அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு, பதினோரு பேர் முன்னால் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தான். தாளின் முதுகு இவரைப் பார்த்து இருந்தது. முதுகு முழுக்கச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, ஒரு மூலையில் சுவரின் செதிளே பெயர்ந்து வந்திருந்தது. பார்த்தார், தான் ஒட்டிய தாள்தான். கண்ணை எடுத்துக் கூரையில் வைத்தார். முப்பத்தெட்டு வருஷம்.

போன் அடித்தது. "ஏனுங்கய்யா, இப்ப அனுப்பறன் இப்ப அனுப்பறன்னீங்க, ஒண்ணையும் காணமே" என்றாள் ரெஜினா. "அனுப்பி அரைமணி நேரம் ஆச்சே." "வரலைங்கய்யா. ரெண்டு தடவ பாத்துட்டன். இங்க ராக்கியம்மா வந்து ஒக்காந்துட்டு கட்டு எங்க கட்டு எங்கன்னு என் உசுர வாங்கறாங்க. ஒரு மணிக்கு மேல எனக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை இருக்குதுங்க, சொல்லிப்போட்டன்." இரும்மா என்றார். கடிதங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தார். அவருடைய கடிதம் ஒரு வரியாகப் படுத்திருந்தது. பக்கத்தில், அனுப்பக் காத்திருக்கிறது. நீலப் படத்துக்குப் போனார், நாலாவது வட்டத்தின் கீழிருந்த வரியை இந்தத் தடவை அகராதிக்காரனைப்போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பின்னணி வேலைகள்: அஞ்சல் உட்பட. எழுதுகிறவனுக்குக் கடிதம்தான் முன்னணி, மற்றதெல்லாம் பின்னணி. இதற்கு அப்படி இல்லை. இலையைத் தலையில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரமாக அவருடைய பொய்யை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போகவில்லை. போய்விட்டது என்று நம்பித்தான் அந்தச் சுவரைப் பார்க்கத் துணிந்தார். பதினான்கு.

முதல் வட்டத்தைத் தொட்டால் போய்விடும். ஒரு தொடுதல். ராக்கியம்மாள் கட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போவாள், அங்கண்ணன் முகத்துக்கு நேராக நீட்டுவாள், அவன் படிப்பான். படித்து? விரல் நின்றது. அவன் அந்தத் தாளைக் கையில் பிடித்தவன். முதுகைப் பார்த்திருப்பான். விரலில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். எவன் ஒட்டினான் என்று எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். முப்பத்தெட்டு வருஷமாகத் தெரிந்தும் ஒரு மேடையில்கூட அவன் சொல்லவில்லை, ஏன்? நல்ல மனசா? நல்ல மனசா அவனுக்கு? தாளின் முதுகைப் பற்றிச் சொன்னால் அதன் முகத்தைப் படித்தவன் யார் என்று கேள்வி வரும். உள்ளே இருக்க விட்டால் போதும் என்று தன் குரலை விற்றவன் யார் என்று வரும். அதனால் இவர் சொன்ன பொய்யைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு சுகமாக இருந்துவிட்டான். கொண்டுபோய்க் கொடுத்தான் கொடுத்தான் என்று இவர் கத்தக் கத்த அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கொடுக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தால் அது நிஜம்தானே. பொய்யால் அடித்தால் அவனுக்கு வலிக்கவே வலிக்காது. அது பொய் என்று தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் அவன்தான். முப்பத்தெட்டு வருஷமாக நாச்சிமுத்து அவனுக்கு விசிறி வீசிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு உடம்பு காந்தியது. மருந்து ஒன்றுதான் உண்டு, அது தன் கழுத்தையும் சேர்த்துத்தான் அறுக்கும். ராக்கியம்மாள் ரெஜினாவின் கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தூக்குச்சட்டி. நீங்க ஒருத்தர்தாண்ணா. அவள் முகத்தை ஒதுக்கிவிட்டு யோசிக்க முயன்றார், அது ஒதுங்கவில்லை. சரி, இருக்கட்டும், அந்த முகத்தை வைத்துக்கொண்டே எழுது. பதினொன்று. கடிதத்தைத் திறந்து, மெருகேற்றி மெருகேற்றி வைத்த அந்த இரண்டு வரியையும் அழித்தார். காட்டிக்கொடுத்த கை போயிற்று, மாலையும் போயிற்று. இடத்தில் தட்டினார், அலங்காரம் எதுவும் வைக்காமல்: 'அந்தத் தாளை எழுதி டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டியவன் நாச்சிமுத்து ஆகிய நான். அதைப் பதினோரு பேர் முன்னால் உரக்கப் படித்துவிட்டு வேலைக்கு உள்ளே போனவன் அங்கண்ணன். கருமலையப்பன் சாவில் இருவருக்கும் பங்கு உண்டு. இல்லை என்றால் மேடையில் சொல், அங்கண்ணா.' முதல் வட்டத்தைத் தொட்டார். இலை உதிர்ந்தது, திரை பளீரென்று ஏறியது, விசிறி இரைந்தது, கடிதம் போயிற்று. போயிற்றா என்று உள்ளே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். எட்டு.

"வந்துருச்சுங்கய்யா" என்றாள் ரெஜினா போனில். மனசுக்குள் படிக்கிறாள். "அய்யா, இதுல உங்க பேரு..." "படிச்சயில்ல?" "படிச்சங்க." "ராக்கியம்மாளுக்குப் படிச்சுக் காட்டு. நான் லைன்லயே இருக்கறன்." "நானுங்களா?" என்றாள் ரெஜினா. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். அறிக்கை படித்துப் பழகாத குரல், கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்கிற குரல். இரண்டு வரிக்கு ஒரு தரம் தடுக்கி நின்றது. அவர் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். சுவர் என்ற சொல் வந்து போனது. கருமலையப்பன் பெயர் வந்து போனது. ரெஜினா நிறுத்தினாள். அந்தப் பக்கம் பெஞ்ச் நகரும் சத்தம். ராக்கியம்மாள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. ரப்பர் செருப்பு தரையில் இழுபடும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், வெளியே ஒரு லாரியின் ஹாரன், கதவு சாத்தும் சத்தம். "போயிட்டாங்கய்யா" என்றாள் ரெஜினா. "ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க." அவர் மடிக்கணினியின் மூடியைச் சாத்தினார். "அய்யா, இருக்கீங்களா? இத நான் அடிக்கட்டுங்களா வேண்டாங்களா?" "அடி." "அடிச்சு? யாரு வந்து கட்டு எடுக்கறது, மண்டபத்துல யாரு நின்னு குடுக்கறது?" நாச்சிமுத்து கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்து ஒரு கையை உள்ளே விட்டார்.

"நான் வர்றன்" என்றார்.